தினம் குளிச்ச கிடா

ஒரு ஊர்ல, ஒரு வெள்ளிக்கிழமை காலையில பத்தேகால் மணிக்கு, மூணு செம்மறி ஆட்டோட ஒரு குட்டியானையில வந்து எறங்குனாரு வைரவசுந்தரம். நிஜ யானை இல்ல, லோடு வண்டி. ம் சொல்லிக்கிட்டே கேளு.

பட்டணத்துல முப்பது வருஷம் பத்திர ஆபீசுல முத்திரை குத்துன மனுஷன். ரிட்டையர் ஆனதும் அரை ஏக்கர் வாங்கி, வாசல்ல 'பண்ணை'ன்னு பலகை மாட்டிட்டாரு. பண்ணையில இருந்தது ஒரு கொய்யா மரம், ஒரு ஊஞ்சல், இந்த மூணு ஆடு. ரெண்டு பெட்டை, ஒரு கிடா. கிடாவுக்கு மதிவாணன்னு பேரு.

"மதிவாணா"ன்னு கூப்பிட்டா ஓடி வருதாம். கையில தவிட்டுச் சட்டி இருந்தா எந்த ஆடுதான் வராது? ஒரு நாள் சட்டி இல்லாம கூப்பிட்டாரு. அது திரும்பி வாலக் காட்டிட்டு நின்னுச்சு. "கோச்சுக்கிட்டான்"னாரு. ஆடு கோச்சுக்குதாம்.

அப்புறம், தினமும் காலையில ட்யூப்பப் புடிச்சு, சர்ர்ர்னு தண்ணி அடிச்சு, நாய் ஷாம்பு தேச்சுக் குளிப்பாட்டுவாரு. மொத நாள் பட படன்னு ஒதறி அவரக் குளிப்பாட்டுச்சு. இருபது நாள்ல பழகிப்போயி, கழுத்தத் தூக்கிக் காட்டிட்டு கல்லு மாதிரி நிக்கும்.

அப்புறம், மத்தியானம் தனக்கு ஒரு வாழையிலை, கிடாவுக்கு ஒரு வாழையிலை. எதுத்த காட்டுல அம்பது ஆடு மேய்க்கிற வெள்ளையம்மா இதப் பாத்துட்டு வேலி ஓரம் வந்து நின்னா.

"அய்யா, ஆட்டுக்கு எல போட்டுப் பழக்காதீக. எலயக் கண்ட எடத்துல வாய வச்சிரும்."

"நீங்க ஆடு மேய்க்கிறீங்க ஆத்தா. நான் ஆட்டோட பழகுறேன்."

"பழகுங்க. அப்படியே கேட்டச் சாத்தவும் பழகுங்க."

சாத்தல. ம்... முழிச்சிருக்கியா?

அப்போ ஆடி மாசம், கருப்பர் கோயில் பூசை. சாமிக்கு முன்னாடி எல போட்டு, பொங்கலும் பழமும் படைச்சு வச்சிருந்தாங்க. கிணி கிணி கிணின்னு மணிச் சத்தம். மதிவாணன் நேரா வந்து மொத எலயில வாய வச்சு, சளக் சளக்குன்னு பொங்கல முடிச்சிருச்சு.

அந்த ஊர் வழக்கம், படையல்ல வாய் வச்ச கிடா கருப்பருக்குத்தான். ஆனா அதோட சம்மதம் கேக்காம வெட்ட மாட்டாங்க. மூணு தரம் தண்ணி ஊத்துவாங்க. ஒடம்ப ஒதறுச்சுன்னா சம்மதம். ஒதறலன்னா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிரலாம். ஈரம் பட்டா எந்த ஆடும் ஒதறும். அதுக்குப் பேரு சம்மதமாம்.

வைரவசுந்தரம் ஒத்தக் கால் செருப்போட ஓடி வந்தாரு.

"விட்டுருங்க. அவன் எம் புள்ள மாதிரி."

பூசாரி அடைக்கலம் சொம்ப எடுத்தாரு. "உங்க புள்ள கருப்பர் எலயில சாப்பிட்டுட்டான் அய்யா. கேட்டுருவோம்."

மொத தரம், தலையில ஒரு கை தண்ணி. சளப். மதிவாணன் அசையல.

ரெண்டாந்தரம், முதுகு நெடுக ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி. சல சல சல. அசையல.

மூணாந்தரம், ஒரு குடம். தப தப தபன்னு கொட்டுனாங்க. ஊரே மூச்ச அடக்கிப் பாத்துச்சு. மதிவாணன் கண்ண மூடி, கழுத்த மெல்லத் தூக்கிக் காட்டுச்சு. ஷாம்புக்கு.

"கருப்பர் வேணாங்குறாரு. ஓட்டிட்டுப் போங்க"ன்னாரு அடைக்கலம்.

வைரவசுந்தரம் கிடாவக் கட்டிக்கிட்டு அழுதாரு. "பாத்தீங்களா, என் அன்பு அவனக் காப்பாத்திருச்சு."

"அன்பு இல்ல அய்யா, ட்யூப்பு"ன்னா வெள்ளையம்மா. "மாட்டிவிட்டது நீங்க போட்ட எல. போயி கேட்டச் சாத்துங்க."

கதை பட்டிக்குப் போயிருச்சு, நீயும் கண்ண மூடு. மூடிட்டியா? அப்போ மிச்சம் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுக்கிட்டே தூங்கு. அடுத்த வருஷம் ஆடி ஒண்ணாந்தேதியில இருந்து, சாமிக்கு நேந்துவிட்ட பதினோரு கிடாவையும் ஊர்க்காரங்க தினம் குளிப்பாட்டுனாங்க. ஆடி இருபத்தஞ்சாந்தேதி பூசையில ஒண்ணுகூட ஒதறல.