காலி இடத்துக்குக் காவல்

ஒரு காட்டுக் குளத்தருகே முள்ளம்பன்றி ஒன்று கல் அடுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டுக் கற்கள் லேசுப்பட்டவை அல்ல. சில தண்ணீர் பட்டால் சீறும். சில எதற்கும் அசையாது.

எடை குறைந்த கல்லிலிருந்து கூடிய கல் வரை அது வரிசையாக வைத்தது. சீறும் கல் மறுபடி வந்ததும், முந்தைய சீறும் கல்லுக்கு நேர் கீழே வைத்துப் புது வரிசை தொடங்கியது. இப்படி அடுக்க அடுக்க, ஒரே குணமுள்ள கற்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. பொருந்தும் கல் கிடைக்காத இடத்தைக் காலியாகவே விட்டது.

"காலி இடத்துக்குக் காவலா? நல்ல பிழைப்பு!" என்று குரங்கு கேலி செய்தது.

"வர வேண்டியது வரும்" என்றது முள்ளம்பன்றி. ஒரு கல்லையும் நகர்த்தவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று குளத்தில் புகுந்து தவளையின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கியது. தவளை அழுதுகொண்டே குரங்கிடம் போனது.

"கவலைப்படாதே தங்கச்சி" என்ற குரங்கு, இலையில் பொதிந்த ஒரு கல்லைக் காட்டியது. "மலைச்சரிவில் கிடைத்தது. சீறும் கல் மாதிரியே இருக்கிறது. இதைப் போட்டால் பாம்பு தலைதெறிக்க ஓடும்."

பக்கத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி அதை வாங்கி எடை பார்த்தது. சீறும் கற்களில் மூன்றாவதற்குக் கீழே இருந்த காலி இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

"போடாதே அண்ணே. மேலே இருக்கிற கல் லேசாக முணுமுணுக்கும். அடுத்தது சீறும். மூன்றாவது தீப்பிடிக்கும். கீழே போகப் போக மூர்க்கம் கூடுகிறது. இது வெடிக்கும். பாம்போடு குஞ்சுகளும் போய்விடும்."

"இன்றைக்குத்தான் இதைப் பார்க்கிறாய். அதற்குள் குணம் தெரிந்துவிட்டதா?"

"இதன் அண்ணன்மார் மூவரையும் பார்த்திருக்கிறேனே."

குரங்கு கேட்கவில்லை. கல்லைப் பிடுங்கிக்கொண்டு குளத்துக்கு ஓடியது. முள்ளம்பன்றி குறுக்கே போய் முட்களை விரித்து நின்றது. "முதலில் ஒரு துணுக்கைப் பாறைக்குழித் தண்ணீரில் போட்டுப் பார். வெடிக்காவிட்டால் வழி விடுகிறேன்."

குரங்கு கடுகளவு சுரண்டிப் போட்டது. படீரென்று வெடித்ததில் அதன் மீசை பொசுங்கிப்போனது.

தவளை முள்ளம்பன்றியிடம் தாவி வந்தது. "அக்கா, அப்படியானால் என் குஞ்சுகளுக்கு வழியே இல்லையா?"

"இருக்கிறது" என்ற முள்ளம்பன்றி, சீறும் கற்களில் இரண்டாவதிலிருந்து சிறு துண்டை உடைத்துப் பாம்பின் பொந்தருகே தண்ணீரில் போட்டது. தண்ணீர் சீறியது. பாம்பு கரையேறி ஓடியது. குஞ்சுகள் மிரண்டன, ஆனால் ஒன்றும் சாகவில்லை.

குரங்கு மிச்சக் கல்லைப் பத்திரமாக எடுத்துவந்து காலி இடத்தில் வைத்தது. பக்கத்தில் இன்னொரு காலி இடம் இருந்தது. அதை யாரும் மிதிக்காதபடி தானே காவலுக்கு உட்கார்ந்துகொண்டது.

நீதி: ஒழுங்காக அடுக்கி வைத்தவருக்கு, கண்டதைக் கொண்டு காணாததையும் சொல்ல முடியும்.