நாலு கட்டிலும் ஒரு நாற்காலியும்

கட்டடம் கட்டியவர்களும் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கிடந்தவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். கடைசியில் நியாயம் கேட்டு உங்களிடம்தான் வந்து நிற்கப் போகிறேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உப்போடைப்பட்டியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, பழைய வாடகை வீடொன்றில் நடந்துவந்தது. அதற்குச் சொந்தக் கட்டடம் கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே தலைமை நர்ஸ் ஞானசெல்வம். பதினெட்டு வருஷ சர்வீஸ். கைராசிக்காரி என்று ஊரே சொல்லும். அந்தப் பேர், போன ஐப்பசியில் ஒரே மத்தியானத்தில் அவளுக்குக் கசந்துபோயிற்று. சுவர் மறைத்த மூலைக் கட்டிலில் வேலாண்டி என்ற பனையேறி மூச்சடைத்துச் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். வார்டில் இருந்த ஒரே நர்ஸ் ஞானசெல்வம். இன்னொரு கட்டிலில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வர, மருந்தெடுக்கப் பின்கட்டுக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் பெண்டாட்டி திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "ஒரு எட்டு பாத்திருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஞானசெல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "புது ஆஸ்பத்திரியில என் நாற்காலியிலருந்து பாத்தா தெரியாத கட்டில் ஒண்ணுகூட இருக்காது. இது சத்தியம்" என்று சொல்லிவிட்டாள்.

புது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்ட நாளும் குறித்தாயிற்று. வரைபடத்தில் உள்ளபடியே தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். அதற்குள் பொக்லைன் மண்ணைத் தொட வேண்டும். தெற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு ஞானசெல்வம் கோடுகளுக்குள் இறங்கி, நாற்காலி வரப்போகும் இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள். சுவர் எழும்பினால் நாலு கட்டில் மறைந்துவிடும்.

இன்ஜினியர் சௌந்தரபாண்டியின் வேலையைச் சும்மா சொல்லக் கூடாது. காற்று குறுக்கே ஓடுகிற மாதிரி நீளக் கூடம், இரு பக்கமும் ஜன்னல். ஏசி வேண்டாம், பகலில் விளக்கும் வேண்டாம். கரண்டு பில்லில் மிச்சமாவதை வைத்துத்தான் ஏழைகளுக்கு இலவச மருந்து. கூடத்தில் இருபது கட்டில், நட்ட நடுவில் நர்ஸின் நாற்காலி. நாற்காலிக்கு நேரெதிரே, நாலு நாலு கட்டில் கொள்ளுகிற அகலத்தில் இரண்டு அறைகள். ஒன்று மருந்து அறை. நாளைக்கு நாற்பது தடவை போய்வர வேண்டியது. மற்றது டாக்டர் மெஹருன்னிசாவின் அறை. அவர் வெளிநோயாளிகளை வாசல் கொட்டகையில் பார்ப்பார். இங்கே வந்து உட்காருவது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வாய்க்கால் குறுக்கிட்டதால் கூடம் கோடியில் திரும்பி ஒரு மூலையாக முடிந்தது. அந்த மூலையில் மிச்சம் நாலு கட்டில். நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த நாலும் தெரியாது. நாற்காலியைத் திருப்பத்துக்கு நகர்த்தினால் மறுகோடிக் கட்டில்கள் கண்ணுக்கு எட்டாது. கூடுதலாக ஒரு சுவர் எழுப்பவும் பணமில்லை.

"நிறுத்துங்க! இப்படிக் கட்ட விடமாட்டேன்" என்றாள் ஞானசெல்வம். பொக்லைன் உறுமிக்கொண்டே நின்றது.

சௌந்தரபாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பதறுறீங்க சிஸ்டர்? கேமரா வெச்சிருவோம். உங்க நாற்காலிக்கு முன்னாடி ஒரு டிவி. உக்காந்த இடத்துலயே நாலு கட்டிலும் தெரியும்." சொன்னதோடு நிற்காமல், மூலையில் குச்சி நட்டு அடையாளமும் வைத்தார்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "கண்ணால பாக்க முடியாத இடத்துல நோயாளியைப் போடாதீங்க. இருபது கட்டில் போதும்" என்று சொல்லி, அந்த நாலு கட்டிலின் கோட்டையும் காலால் அழித்தார்.

"ஐயோ, அந்த நாலு பேரு எங்க போவாங்க டாக்டர்? மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். வழியிலயே போயிருவாங்களே!" என்றாள் ஞானசெல்வம். சுண்ணாம்புச் சட்டியைப் பிடுங்கினாள். எதிரே இருந்த தன் மருந்து அறையின் கோட்டை அழித்து அங்கே நாலு கட்டில் வரைந்தாள். கோடி மூலையில் மருந்து அறையை வரைந்தாள். "நடக்கிறது என் காலுதான? நடந்துட்டுப் போறேன். இருபத்தி நாலு பேரும் என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

மணி பத்து இருபது. முதல் தூறல் விழுந்தது.

இப்போது சொல்லுங்கள். கேமரா வைக்கச் சொன்னவர், கட்டிலைக் குறைத்தவர், மருந்து அறையைத் தூக்கிக் கொடுத்தவள்: இந்த மூவரில் யார் செய்தது சரி? யாருமே இல்லை என்றால், நீங்கள் எந்தக் கோட்டை அழித்திருப்பீர்கள்?

விடை: மூவரும் இல்லை. நர்ஸ் எழுந்து போய்விட்டால் டிவி காலி நாற்காலிக்குத்தான் படம் காட்டும். கட்டிலைக் குறைத்தால் நாலு பேரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஞானசெல்வம் செய்தது மூன்றிலும் பெரிய மனசு, மூன்றிலும் பெரிய ஆபத்து. இதை முதலில் பிடித்தவர் டாக்டர்தான். "சிஸ்டர், வேலாண்டிக்கு மூச்சடைச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?" "மருந்து ரூம்ல" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சுவரே இல்லாமல் இருந்திருந்தாலும் அன்றைக்குப் பார்த்திருக்க முடியாது. அவள் அங்கே இல்லை. மருந்து அறை தூரத்தில் இருந்ததுதான் அவனைக் கொன்றது. அதை மறுபடியும் தூரத்தில் கட்டவா? மெஹருன்னிசா தன் சொந்த அறையின் கோட்டுக்குப் போய் நாலு பக்கமும் தேய்த்து அழித்தார். "மருந்து ரூம் பழைய இடத்துலயே இருக்கட்டும். கட்டிலை இங்க போடுங்க, என் ரூமை மூலைக்குத் தள்ளுங்க. ரெண்டு வேளைதான, நான் நடந்துக்கிறேன்" என்றார். சௌந்தரபாண்டி அவசர அவசரமாகக் கோட்டை மாற்றினார். ஞானசெல்வம் ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நான் சும்மா உக்காந்திருக்கல டாக்டர். ஓடிக்கிட்டுதான் இருந்தேன்." "தெரியும்மா," என்றார் டாக்டர், "அந்தப் பிள்ளை பிழைச்சிருச்சுல்ல."