தாய்மாமன் ஏறிய கடைசிப் பெட்டி

இலுப்பைக் காட்டு முயல் வீரபாகுவுக்குக் காது நல்ல நீளம். ஆனால் பிறர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் மட்டும் அந்தக் காதுகளுக்கு இல்லை.

அவன் தங்கை பேச்சி ஆற்றுக்கு அப்பால் மூங்கில் காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இங்கே சிங்கத்தின் ஆட்சி, அங்கே புலியின் ஆட்சி. ஆகவே அது வெளிநாடு. அவளுடைய மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பேச்சிக்குக் கூடப்பிறந்தவன் வீரபாகு ஒருவன்தான். அவன் போகாவிட்டால் அந்தக் குட்டிக்கு மடி ஏது?

பௌர்ணமியன்று காலையில் காதுகுத்து, முதல் நாளே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று மைனாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள் பேச்சி.

அந்நாளில் வெளிநாடு போக யானை ரயில்தான். ஒரு யானையின் வாலை அடுத்த யானை துதிக்கையால் பிடித்துக்கொள்ளும். அதன் வாலை அதற்கடுத்தது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முதுகும் ஒரு பெட்டி. கடைசி முதுகில் கார்டு மந்தி உட்கார்ந்து விசில் ஊதும்.

வீரபாகு மூட்டை கட்டும்போது பக்கத்து வளைக் கீரி வந்து அக்கறையாக விசாரித்தது. எந்தப் பெட்டியில் ஏறவேண்டும், வழியில் எங்கே இறங்கி மாறவேண்டும், கட்டுச்சோறு உண்டா என்று கேட்டது.

"நான் பார்க்காத ரயிலா?" என்றான் வீரபாகு.

பார்த்தது உண்மைதான். புதருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

சீர் கொடுக்க ஒரு கூடை வள்ளிக்கிழங்கு எடுத்துக்கொண்டான். மருமகளுக்குக் குன்றிமணிக் கம்மல் ஒரு ஜோடி செய்து, இலையில் மடித்துக் காதுக்குள் செருகிக்கொண்டான். தனக்கென்று ஒரு வாய்ச் சோறுகூட எடுக்கவில்லை.

ரயில் வந்தது. முன் முதுகுகளில் கூட்டம் நெருக்கியது. கார்டு மந்திக்கு முன்னால், ஆள் ஏறும் கடைசிப் பெட்டியான மரகதம் என்ற யானையின் முதுகு மட்டும் காலியாக, குளுகுளுவென்று நிழலில் கிடந்தது. மற்றவர்கள் ஏன் அங்கே ஏறவில்லை என்று அவன் யோசிக்கவில்லை. ஊரிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஏறிப் படுத்தான். இரட்டைப்பாறையில் வண்டி இரண்டாகப் பிரியும் என்று மந்தி கத்திச் சொன்னபோது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

விழித்தபோது சுற்றிலும் சேறும் நாணலும்தான் இருந்தன. முன்னால் போன யானைகளைக் காணோம். மூங்கில் வாசனையே இல்லை.

கரடி நாட்டுச் சதுப்பில் அவனை இறக்கிவிட்டார்கள். சுற்றி எல்லாரும் உறுமலாகவே பேசிக்கொண்டார்கள். ஒரு எழுத்தும் புரியவில்லை. இரண்டு நரிகள் வேறு அவனையும் கிழங்குக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தன. வீரபாகுவுக்குப் பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மரகதத்தின் காலடியில் ஒண்டிக்கொண்டு, ஒன்றுதானே என்று ஒரு கிழங்கைக் கடித்தான். விடிவதற்குள் கூடை காலியாகிவிட்டது.

அன்றுதான் பௌர்ணமி.

"மரகதம்மா, மூங்கில் காட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று அழாக்குறையாகக் கேட்டான். அவன் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இதை ஏறும்போதே கேட்டிருக்கக் கூடாதா ராசா?" என்றது மரகதம். "இந்த வண்டி திரும்பி இரட்டைப்பாறைக்குத்தான் போகுது. அங்கே இறங்கி, அடுத்த வண்டியில முன்பக்கமா ஏறு."

இரட்டைப்பாறையில் அன்றைய வண்டி போய்விட்டிருந்தது. வெயிலில் காய்ந்து, பனியில் நனைந்து, மறுநாள் வண்டியைப் பிடித்தான். வழியெல்லாம் மருமகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. மாமன் மடி இல்லாமல் யார் மடியில் உட்கார்ந்தாளோ, எப்படி அழுதாளோ என்று நினைத்து நினைத்து உருகினான்.

மூங்கில் காட்டில் போய் இறங்கியபோது, பேச்சி வீட்டு வாசலில் பந்தல்காலை ஆளாளுக்குப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தலைப் பிரிக்கிறார்கள்! வீரபாகு வெறும் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதான்.

பேச்சி ஓடிவந்தாள். "என்னண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?"

"காதுகுத்து முடிஞ்சிருச்சே, பேச்சி. பாவி நான் வரலையே."

"பந்தல்காலே இப்பத்தான் ஊணுறாங்க. காதுகுத்து நாளைக்கு."

"பௌர்ணமின்னு சொல்லிவிட்டியே?"

"உனக்கு மட்டும்தான் அப்படிச் சொல்லிவிட்டேன்" என்றாள் பேச்சி. "என் கல்யாணத்துக்கு நீ எப்ப வந்து சேர்ந்தே? பந்தி முடிஞ்சு எச்சில் இலை எடுக்கையில வந்தே. அதான் இந்தத் தடவை உன் கூத்துக்கும் சேர்த்து நாள் பார்த்தேன்."

வீரபாகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுத கண்ணோடு சிரித்தான். கோபப்பட அவனுக்கு வாயும் இல்லை, காரணமும் இல்லை.

மறுநாள் முள்ளம்பன்றி ஆசாரி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை எடுத்துக் குத்தினார். மருமகள் வீரிட்டாள். மாமன் அவளைவிடப் பலமாக வீரிட்டான். குன்றிமணிக் கம்மல் அந்த நீளக் காதுகளில் சிவப்பாக ஆடியது. கூடையில் இருந்த கிழங்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் பேச்சி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, கார்டு மந்தியிடமும் சொல்லிவைத்தாள். அப்படியும் வீரபாகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி, "இந்தப் பெட்டி இலுப்பைக் காட்டுக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே போனான். பதில் சொல்லிச் சொல்லி மந்திக்கு விசில் ஊத மூச்சு இல்லாமல் போயிற்று.

முன்யோசனை இல்லாமல் கிளம்புகிறவர்கள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்காகவும் சேர்த்து யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார் என்று பொருள்.