கரடியும் கசப்புச் சூரணமும்

குறுமலைக் காட்டில் காராளன் என்றொரு கரடி இருந்தது. ஒரு பாறை இடுக்குதான் அதன் குகைக்கு வாசல். பலாப்பழக் காலம் முழுக்க வெளியிலேயே தின்று உறங்கிய காராளன், ஆடி மாதம் வீடு திரும்பியது. தலை நுழைந்தது. தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை.

"பாறை வீங்கிப்போச்சா அண்ணே?" என்று மரத்திலிருந்து கேட்டது குரங்கு.

காராளனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஐப்பசி மழையில் வெளியே படுத்த காட்டுப்பன்றி, குளிர் கண்டு செத்ததை அது பார்த்திருந்தது. மூச்சிரைக்க ஓடைக்கரைக்குப் போய், பச்சிலை அறிந்த கீரியின் முன்னால் உட்கார்ந்தது.

கீரி கேலி பேசவில்லை. கசப்புவேர்ச் சூரணத்தை இலையில் மடித்துக் கொடுத்தது. "இது பசியை அடக்கும். காலையில் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள்."

பத்து நாள் கழித்து வந்த கரடி இன்னும் பெருத்திருந்தது.

"ஒரு வேளைகூட விடவில்லை, வைத்தியரே."

"தேன் எவ்வளவு?"

"நாளுக்கு ஓர் அடை."

கீரி நெற்றியில் கை வைத்துக்கொண்டது. "கரடியிடம் போய்த் தேன் என்று சொன்னேனே, என் தப்புதான்."

"இனிப் பட்டினி கிடக்கிறேன்."

"கிடந்தால் நாலாம் நாள் பலாமரத்தையே விழுங்குவீர்கள். மருந்தைத் தண்ணீரில் குழையுங்கள். பழத்தைப் பாதியாக்கி, மீதிக்குக் கரையான் தின்னுங்கள். சாயங்காலம் என்னோடு நடங்கள். ஓட வேண்டாம்."

முதல் நாள் ஓடை வளைவு வரைக்கும்தான் முடிந்தது. "தேர் அசையுது, வழி விடுங்க" என்றது குரங்கு. காராளன் திரும்பிவிடப் பார்த்தது.

"அவன் உட்கார்ந்திருக்கிறான். நாம் நடக்கிறோம்" என்றது கீரி.

ஆவணி போனது. இடுக்கில் பாதி வயிறு நுழைந்தது. புரட்டாசியில் முக்கால். ஐப்பசியின் முதல் இடி முழங்கிய அன்று, மூச்சை இழுத்துப் பிடித்து, ரோமம் உரச உள்ளே விழுந்தது காராளன். வெளியே மழை கொட்டியது. அதில் நனைந்தபடி கீரி நின்றிருந்தது.

"உள்ளே வாருங்கள், வைத்தியரே." கரடி ஒதுங்கி இடம் விட்டது. "பசியை மருந்து அடக்கியது. வெட்கத்தை நீங்கள்தான் அடக்கினீர்கள். இந்தக் கூரை நீங்கள் தந்தது."

"இருக்கட்டும். மழை விட்டால் நாளைக்கும் நடை உண்டு."

"நுழைந்துவிட்டேனே, இன்னுமா?"

"வெளியே வர வேண்டாமா?"

காராளன் குகை அதிரச் சிரித்தது.

மருந்து வழியைத் திறந்துவிடும். அளவாக உண்டு, நாள்தோறும் நடப்பவருக்கே அந்த வழி மூடாமல் இருக்கும்.