போன் அடிக்காத இரண்டு நாட்கள்

ஆவுடையப்பன் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த தொலைபேசி நிலையத்தில் சுவரோடு ஒரு மணி இருந்தது. எங்காவது கம்பி பழுதானால் பல் கூசும்படி 'கிர்ர்ர்' என்று கத்தும். ஒருவர் எழுந்து போய் அதன் தலையில் கைவைத்து அழுத்தும்வரை ஓயாது. அது அடிக்கவில்லை என்றால் எல்லாம் நலம். நிம்மதியாக டீ குடிக்கலாம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தபோதும் அந்த நம்பிக்கை அவரோடு கூடவே வந்தது.

கடற்கரை நெடுக அந்த நிறுவனத்துக்குக் குளிர்கிடங்குகள். அவற்றைத் தலைமை அலுவலகத்தோடு சேர்க்கும் நெட்வொர்க்கை ஒரு கணினி ஓயாமல் கவனித்துக்கொண்டிருந்தது. எங்கே இணைப்பு அறுந்தாலும் அதன் திரையில் சிவப்பு விழும். ஆனால் திரையையே பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? சிவப்பு விழுந்தால், அன்று பணிமுறையில் இருப்பவரின் செல்போனை அழைத்து எழுப்புவதற்கென்று வெளியில் ஒரு சேவை இருந்தது. அதோடு இந்தக் கணினியை இணைப்பதுதான் ஆவுடையப்பனுக்குத் தந்த வேலை. சரியாக இருக்கிறது என்று பிரிவுத் தலைவி எஸ்தர் கையெழுத்துப் போட்டால் அவர் நிரந்தரம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்குப் போகலாம். அந்த வயதில் இன்னொரு இடத்தில் கூப்பிட மாட்டார்கள்.

எஸ்தர் அவரைவிட இருபது வயதாவது இளையவள். இந்த வித்தையை அவளிடம்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

முதல் முறை, பிரிண்டரில் தாள் தீர்ந்ததற்கெல்லாம் ராத்திரி முழுக்கப் போன் அடித்தது. முறையில் இருந்த ஜெபமணி மறுநாள் சிவந்த கண்ணோடு வந்து, தன் மனைவி தன்னை அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் என்று முறையிட்டான். எஸ்தர் வேலையைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த முறை, ஒரே சமயத்தில் எல்லாருக்கும் அடிக்கும்படி வைத்தார். இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் புரண்டு படுத்துவிட்டார்கள். அதுவும் திரும்பி வந்தது.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சலித்தெடுத்தார். இணைப்பு அறுந்தால் மட்டும். ஒருவருக்கு மட்டும். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள், முறையில் இருந்த அவருடைய போன் அடிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை நிமிர்ந்து நடந்து அவள் மேசைக்குப் போனார்.

இரண்டு நாளாகச் சத்தமே இல்லை என்று அவர் சொன்னதை எஸ்தர் கேட்டுக்கொண்டாள். எழுந்து சர்வர் அறைக்குள் போனாள். துப்பட்டாவுக்குள் எதையோ சுருட்டிப் பிடித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டு டீ வரவழைத்தாள். வெயிலைப் பற்றி, இறால் விலையைப் பற்றிப் பேசினாள். டீ முடிந்தது.

"போன் அடிச்சுதா அண்ணாச்சி?"

"எப்படி அடிக்கும் மேடம்? எல்லாம் நல்லா இருக்கு."

அவள் துப்பட்டாவை விலக்கினாள். மடியில் ஒரு நீலக் கேபிள் கிடந்தது. கவனிக்கும் கணினியின் கேபிள். இவ்வளவு நேரமும் அந்தக் கணினி ஒரு கிடங்கையும் பார்க்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்ல அதற்கு வழியும் இல்லை.

ஆவுடையப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"கழுத்த நெரிச்சுப் போட்டுட்டு, ஏன் கத்தலன்னு கேக்கீங்க. இது நியாயமா?"

"நெரிக்கவன் முன்னாலயே சொல்லிட்டு வருவானா?"

"அடிச்சாலும் தப்பு, அடிக்கலன்னாலும் தப்பு. நான் என்னதான் செய்யணும்? இன்னைக்கு வெள்ளிக்கிழமை மேடம்."

எஸ்தர் கேபிளை மெதுவாகச் சுற்றினாள்.

"கழுகுமலையில உங்க அண்ணன் இருக்காங்கல்ல. எப்படி இருக்காங்க?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. "நல்லாத்தான் இருக்காவ."

"பேசினீங்களா?"

"இல்ல. ஏதாவதுன்னா மட்டும் போன் பண்ணச் சொல்லியிருக்கேன். பண்ணல. அதனால..."

சொல்லிக்கொண்டே அவர் அந்த நீலக் கேபிளைப் பார்த்தார்.

மத்தியானம் அவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தக் கணினி, 'இருக்கிறேன்' என்று வெளிச் சேவைக்கு ஒரு செய்தி அனுப்பும்படி செய்தார். அந்தச் செய்தி வராமல் போனால் சேவை போனை அடிக்க வேண்டும். சாயங்காலம் எஸ்தர் மறுபடி கேபிளைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் மேசைமேல் இருந்த அவருடைய செல்போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அதை நிறுத்தாமலே அவள் கையெழுத்துப் போட்டாள்.

"இதோட முடிஞ்சுதா மேடம்?"

"ஆபீஸ் வேலை முடிஞ்சுது அண்ணாச்சி."

வராந்தாவுக்கு வந்து ஆவுடையப்பன் அண்ணனை அழைத்தார். நல்லாத்தான் இருக்கேன், எதுக்குல கூப்பிட்ட என்றார் அண்ணன். ஆறு மாதம் முன்பு, ஐப்பசியிலேயே, கழுகுமலை வீட்டை விற்றுவிட்டு, கோவில்பட்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.