பதில் வரும் வரைக்கும்

புயல் மையத்தின் சர்வர் நிரலை எழுதியவள் நாகூர்க்காரி நஜ்முன்னிசா. அவளிடம் பாடம் கேட்க வந்தவர் தேவசகாயம். துறைமுக வயர்லெஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் அவளுக்கு மிகவும் மூத்தவர் என்றாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

கரையோர ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் நிலவரத்தை எடிட்டர் என்ற எழுதும் செயலியில் எழுதுவார்கள். அவர்கள் முன்னால் இருப்பது வெறும் ஜன்னல்தான். எழுத்தெல்லாம் மையத்து சர்வரின் நினைவில் இருக்கும். "இந்த ஃபைலைத் திற" என்று ஒரு ஊர் கேட்கும். சர்வர் திறந்து கொடுக்கும். எழுதுகிறவர் "முடிந்தது" என்று சொல்லும்வரை கையை விடாது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் மீட்புப் படகுகள் கிளம்பும்.

புயல் கரையைத் தொட்ட அன்று, உச்சிவேளையில் எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன.

தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. திறக்கவில்லை என்றார்கள். எழுத்து ஏறவில்லை என்றார்கள். படகுக்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள்.

"செத்துப்போச்சு டீச்சர்" என்றார் தேவசகாயம். "நிறுத்திட்டு மறுபடி ஓட்டிடுவோம். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான்."

"நிறுத்தினா என்ன போகும்?"

"சிக்கிக்கிட்டிருக்கிற ஒரு வேண்டுகோள் போகும்."

"மத்த ஊர்க்காரங்க எழுதி, இன்னும் சேமிக்காம வச்சிருக்கிறது?"

தேவசகாயம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

நஜ்முன்னிசா சர்வர் கடைசியாகச் சொன்னது என்ன என்று தேடினாள். அது ஒரு கேள்வி. சேந்தங்குப்பத்து நிலவரத்தை எழுதுகிற சந்தானமேரியின் திரைக்குப் போயிருந்தது: 'இந்த ஃபைலை வேறொருவரும் மாற்றியிருக்கிறார். அவர் எழுதியதை வைக்கவா, நீங்கள் எழுதியதை வைக்கவா?'

கேள்விக்குப் பதில் வரவில்லை. ஒன்று முடிந்த பிறகே சர்வர் அடுத்ததைப் பார்க்கும் என்பதால், மற்ற ஊர்களின் வேண்டுகோள்கள் எல்லாம் அதன் பின்னால் நின்றன.

"இதுதானா? நாமளே இங்கேருந்து பதில் சொல்லிடலாமே" என்றார் தேவசகாயம்.

"சொல்லுங்க."

அவர் இரண்டையும் படித்தார். ஒன்றில், சேந்தங்குப்பத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக எழுதியிருந்தது. மற்றதில், மாதா கோயில் மாடியில்.

"எது அண்ணே?"

"பள்ளிக்கூடம்னு எழுதினதுதான் பிந்தி வந்திருக்கு. பிந்தினதை வச்சுக்குவோம்."

"பிந்தி வந்ததா, பிந்தி நடந்ததா?"

தேவசகாயம் போனை எடுத்துச் சந்தானமேரியின் எண்ணைப் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கூரை பறந்து போனது. நஜ்முன்னிசா திரையை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது முறை ஒரு குரல் மூச்சிரைக்க வந்தது. "யாருங்க?"

"சென்டர்லேருந்து பேசுறேம்மா. உங்க திரையில ஒரு கேள்வி நிக்குது பாருங்க."

"அய்யோ, பார்க்கவே இல்லைங்களே. கிழடு கட்டைகளை மாடிக்கு ஏத்திக்கிட்டு நின்னேன். பள்ளிக்கூடத்துல இடுப்புக்கு மேல தண்ணி. எல்லாரும் கோயில் மாடிக்கு வந்தாச்சு. பள்ளிக்கூடம்னு காலையிலே சொன்னதை எந்தப் பிள்ளையோ இப்பப் போய் ஏத்தியிருக்கு."

"நீங்க எழுதினதை வைக்கச் சொல்லுங்கம்மா. உடனே."

சந்தானமேரி விசையைத் தட்டினாள்.

தேவசகாயம் பார்த்துக்கொண்டே நின்றார். காத்து நின்ற வேண்டுகோள்கள், வந்த வரிசை பிசகாமல், ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொரு ஊரும் எந்த எழுத்தில் நின்றதோ அந்த எழுத்திலிருந்தே தொடர்ந்தது. அரைச் சொல்லில் நின்றிருந்த ஒரு கர்ப்பிணியின் பெயர் அவர் கண்ணெதிரே முழுப் பெயராயிற்று. வாசலில் படகு இன்ஜின்கள் உறுமின.

ஒரு ஊரில் மின்சாரம் போய், எடிட்டரின் ஜன்னலே மூடிப்போயிருந்தது. எழுதியவரைக் காணவில்லை. அவர் எழுதிய வரிகள் மட்டும் சர்வரிடம் அப்படியே இருந்தன. எந்தத் தெரு, எந்த வீடு, கட்டிலோடு கிடப்பது யார், எல்லாம் இருந்தது. நஜ்முன்னிசா அதைச் சேமித்துப் படகுக்கு அனுப்பினாள்.

தேவசகாயம் தன்னையறியாமல் கால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பிறகு சர்வரைக் காட்டிச் சொன்னார்.

"இத்தனை பேர் கத்தினோம். ஒரு வார்த்தை பேசாமக் கிடந்துச்சே டீச்சர். நான் செத்துப்போச்சுன்னே நினைச்சேன்."

"கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"கேள்வி கேட்டுச்சா, காது கொடுத்துக் கேட்டுச்சா?"

நஜ்முன்னிசா திரையில் அடுத்த ஊருக்குத் திரும்பினாள்.

"பதில் வர்ற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே."