தொண்ணூற்றாறுக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று

"நான் செத்துப்போயிட்டேன்னு ஒரு வரி போட்டாக்கூட ஐந்நூறு பேர் வருவாங்க டீச்சர். நாவல் வந்திருக்குன்னு போட்டா முப்பது பேர். அதுலயும் பாதிப் பேர் கும்பிடு பொம்மையைப் போட்டுட்டுப் போயிடறாங்க" என்றார் இருதயராஜ்.

ஃபர்சானா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று நாவல்களைத் தானே அச்சிட்டவர். அவளுக்கு முப்பத்திரண்டு. விருதுநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஊறுகாய் போடுகிறவர்களுக்கும் ரவிக்கை தைக்கிறவர்களுக்கும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுப்பாள். எழுத்தாளர் என்று அதுவரை யாரும் படியேறி வந்ததில்லை.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். ரீல்ஸ் போட்டேன். அட்டையைச் சுத்திச் சுத்தி வீடியோ எடுத்தேன். காலைல ஏழு மணிக்குப் போடணும்னாங்க, போட்டேன். இன்னும் என்னமோ ஒண்ணு இருக்கு. அதை மட்டும் சொல்லிக்கொடுங்க."

"எதை விக்கணும்?"

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 'வேலுத்தாயின் வாசல்.' வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"வச்சிட்டுப் போங்க சார். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

"பாடம்?"

"வியாழக்கிழமை."

*

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வந்தார். குறிப்பெடுக்கப் புது நோட்டு. பையில் பரிசளிக்க மூன்று பிரதிகள்.

புத்தகம் அவள்முன் திறந்து கிடந்தது.

"தொண்ணூத்தாறாம் பக்கம். கடைசிப் பத்தியை வாசிங்க."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"ஓடிப்போன கணவன் பதினோரு வருடம் கழித்து வாசலில் வந்து நின்றான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். வேலுத்தாய் ஒன்றும் பேசாமல் அவனையே பார்த்தாள்."

"அடுத்த பக்கம்."

எதிர்ப்பக்கத்தில் தொடர்ந்தார்.

"தூத்துக்குடியில் அன்றைக்கு மழை. மீன் கம்பெனி வாசலிலிருந்து வேலுத்தாய் தனியாக..."

நிறுத்தினார். ஒரு பக்கம் முன்னால் போனார். மறுபடி பின்னால் வந்தார். பக்க எண்ணைப் பார்த்தார்.

நூற்றுப் பதின்மூன்று.

"இதுல ஏதோ..." என்றார்.

பையிலிருந்த மூன்று பிரதிகளையும் எடுத்தார். முதல் புத்தகம், தொண்ணூற்றாறு, நூற்றுப் பதின்மூன்று. இரண்டாவது, அதேதான். மூன்றாவதும்.

பதினாறு பக்கம். ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கிற ஒரு முழு ஃபாரம். கட்டும்போது அச்சகத்தில் விட்டுப்போயிருந்தது.

"அந்தப் பதினாறு பக்கத்துலதான் டீச்சர் கதையே இருக்கு."

"தெரியும் சார். அதனாலதான், யாராவது சொல்லியிருக்காங்களான்னு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தேடினேன்."

"இருநூறு பிரதி போயிருக்கு. இருநூறு! ஒருத்தர்கூடவா..."

ஃபர்சானா அவருடைய பக்கத்தைத் தன் கணினியில் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். நாவல் வெளிவந்த மாதம். பின்னூட்டங்கள்.

"வாசிங்க."

"கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க முடியவில்லை." ஒரு நண்பர்.

"ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை." இன்னொரு நண்பர்.

"ஒரே மூச்சில் வாசித்தேன். வேலுத்தாய் எடுக்கும் முடிவில் உறைந்துபோனேன். பேராசிரியர் தணிகாசலம்."

"எந்த முடிவு?" என்று திரையைப் பார்த்தே கேட்டார் இருதயராஜ். அந்த முடிவு விட்டுப்போன பக்கங்களில்தான் இருந்தது.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சார்?"

"நான் என்ன?"

"புத்தகம் கட்டுக்கட்டா வந்ததும் என்ன பண்ணினீங்க?"

யோசித்தார். மொட்டைமாடியில் வெயில் பார்த்து அட்டையைப் படம் எடுத்தார். காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார். வேப்பிலையைத் தூவி எடுத்தார். நாற்பது படத்துக்குக் குறையாது. எதிலும் புத்தகம் திறந்திருக்கவில்லை.

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது.

"அந்த அச்சகத்துக்காரனை விடமாட்டேன். இப்பவே போடறேன். பேரு, ஊரு, போட்டோ எல்லாம் போட்டு..."

ஃபோனை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். கொடுத்தார்.

எங்கோ இரண்டு இடத்தில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது என்ன? நான் பாத்ததே இல்லையே."

"உங்களுக்கு அறிமுகமில்லாதவங்க எழுதினா இங்கதான் வந்து விழும். நாமளா திறந்து பாத்தாத்தான் உண்டு."

நாற்பத்தாறு செய்திகள். கடன் தருகிறேன் என்றவர்கள், ஜாதகம் பார்க்கிறவர்கள், வெறும் ஹாய்கள். இடையில் ஒரே பெயர் மூன்று முறை. கோகிலவாணி, திருப்பூர்.

முதலாவது போன வருடம் தை மாதம் எழுதியது.

"ஐயா வணக்கம். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். உங்கள் நாவலை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வாசிப்பேன், ஐந்து பேர் கேட்பார்கள். 96க்கு அப்புறம் 113 வருகிறது. அவள் தண்ணீர் கொடுத்தாளா இல்லையா? தயவுசெய்து சொல்லவும்."

இரண்டாவது ஆடியில்.

"ஐயா, இங்கே தினம் சண்டை. கொடுத்தாள் என்கிறார்கள் மூன்று பேர். நீங்கள் சொன்னால்தான் தீரும். இந்தப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முதல் பக்கத்தில் அன்பு நண்பர் பேராசிரியர் தணிகாசலத்துக்கு என்று கையெழுத்து இருக்கிறது. அவரிடம் கேட்கலாம் என்றால் நம்பர் தெரியவில்லை."

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது போன மாதம்.

"ஐயா, பதிலே இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இது என் நம்பர்."

உடம்பைப் பற்றிக் கேட்ட வரியை இன்னொரு முறை வாசித்தார்.

"இப்ப நான் என்ன போஸ்ட் போடணும் டீச்சர்?"

ஃபர்சானா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். அறை அமைதியானது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

ஒன்று ஐந்து. மதியச் சாப்பாட்டு நேரம்.

*

"யாருங்க?"

"வேலுத்தாயின் வாசல் எழுதின இருதயராஜ் பேசறேன்மா."

அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடி ஒன்று கீழே விழுகிற சத்தம். பிறகு ஒரே கூச்சல். "ஏய், வாங்கடி எல்லாரும்! அவர்தான்!"

"மன்னிச்சிடும்மா. பதினாறு பக்கம் விட்டுப்போச்சு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். ஃபோன்ல எங்கிட்ட முழுசும் இருக்கு. வாசிக்கட்டுமா?"

"வாசிங்க, வாசிங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டேனுங்க."

வாசித்தார். தன் ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டு, திரையைப் பார்த்தபடி இருபத்தைந்து நிமிடம். வேலுத்தாய் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் அழுதான். அவளும் அழுதாள். அவன் காலில் விழுந்தாள், உள்ளே அழைத்தாள். ஆறு மாதத்தில் அவன் மறுபடி ஓடிப்போனான். அவமானத்தில் அவள் ஊரைவிட்டுப் புறப்பட்டாள்.

வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எழுதும்போதும் அப்படித்தான் கலங்கியது.

அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று திரையில் பார்த்தார்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கோமுங்க."

"எப்படி இருக்கு?"

யாரோ யாரையோ இடிக்கிற சத்தம். நீ சொல்லு, நீ சொல்லு என்ற முணுமுணுப்பு. கடைசியில் கோகிலவாணிதான் பேசினாள்.

"சங்கடமா எடுத்துக்காதீங்க. கால்ல விழுந்தாள்னு வருதுங்களே..."

"ஆமா."

"அவ விழமாட்டாளுங்க."

இருதயராஜுக்கு முதலில் புரியவில்லை. "நான்தானேம்மா எழுதினேன்?"

"எழுதினது நீங்கதானுங்க. நாங்க இல்லைங்கலை. ஆனா ஒன்றரை வருசமா அவளை வச்சுட்டுத்தான் நாங்க சோறு திங்கறோம்."

பின்னாலிருந்து வேறொரு பெண்ணின் குரல் சத்தமாக வந்தது.

"விழுந்தவளா இருந்தா அந்த மீன் கம்பெனி வாசல்ல அப்படி நடந்து வருவாளா? நீங்களே பாருங்க!"

அவர் புத்தகத்தை இழுத்துத் திறந்தார். தான் எழுதிய வரியை முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்தார்.

"மீன் கம்பெனி வாசலிலிருந்து வேலுத்தாய் தனியாக, குடையில்லாமல், நிமிர்ந்தபடி மழைக்குள் நடந்தாள்."

மறுபடி படித்தார். ஃபர்சானாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, புது நோட்டைத் திறந்தார்.

"அப்ப அவ என்னம்மா பண்ணினா?"